புது சைக்கிள் கம்ப்யூட்டர் ஏமாற்றிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிள் கம்ப்யூட்டர் என்பது ஹேண்டில்பாரில் மாட்டி வேகம், தூரம், உயரம், வழி ஆகியவற்றைப் பார்க்கும் சிறு கருவி. அதன் புது மாடல் சந்தைக்கு வந்த கையோடு வாங்கியவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். முதல் கேள்விக்கான பதிலைப் படித்துவிட்டு மற்றவற்றுக்குப் போனால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் அதை ஒட்டியே இருக்கும்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் போன் ஆப்பைவிட மோசமா இருக்கு. இப்பவே திருப்பிக் கொடுத்துடலாமா?

அவசரப்பட வேண்டாம்; ஆனால் தள்ளிப் போடவும் வேண்டாம். முதலில், உங்கள் குறை எந்த வகை என்று பாருங்கள். சக்கரச் சுற்றளவு, ஆட்டோ பாஸ் (நின்றால் பதிவைத் தானே நிறுத்தும் வசதி), சென்சார் இணைப்பு போன்றவை செட்டிங் சார்ந்தவை. வீட்டிலேயே அரை மணி நேரத்தில் சரியாகும். திடீரென்று அணைந்து மீண்டும் எழுவது, வழிகாட்டும்போது உறைந்து நிற்பது போன்றவை பெரும்பாலும் ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள் இருக்கும் மென்பொருளின் குறை. அப்டேட்டில் சரியாக வாய்ப்பு உண்டு. திரையின் வெளிச்சம், பேட்டரியின் கொள்ளளவு, பட்டன் அமைந்த இடம், மழையில் டச் வேலை செய்யும் விதம் ஆகியவை வன்பொருள். எத்தனை அப்டேட் வந்தாலும் அவை பெரிதாக மாறாது.

திருப்பிக் கொடுக்க வேண்டியது இந்த மூன்றாவது வகைக்குத்தான். இணையக் கடைகள் திருப்பி வாங்கிக்கொள்ளத் தரும் அவகாசம் பெரும்பாலும் ஏழு நாள், பத்து நாள்தான். அதற்குள் ஒரு நீண்ட ரைடு, ஒரு மலையேற்றம், ஒரு இரவு ரைடு மூன்றையும் முடித்துவிடுங்கள். பெட்டி, உள் அட்டை, கேபிள், மவுன்ட், ரப்பர் வளையம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். திரையில் ஒட்டி வரும் மெல்லிய தாளைக்கூட அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.

காலைல ஜிபிஎஸ் பிடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆகுது. போன்ல ரெண்டு செகண்டுல வருதே?

ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் எங்கே சுற்றுகிறது என்ற தகவலைத் தன் சிக்னலிலேயே அனுப்புகிறது. அது 30 விநாடிக்கு ஒருமுறை சுழன்று வரும். பெற்ற தகவல் சுமார் நான்கு மணி நேரம்தான் செல்லுபடியாகும். நேற்று அணைத்த கருவி இன்று காலை அதை முதலிலிருந்து வாங்க வேண்டும். போன் இணையம் வழியாக அதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

கருவிக்கும் இதே வசதி இருக்கிறது. முந்தின இரவு அதன் செயலியைப் போனில் திறந்து ஒருமுறை ஒத்திசைத்தாலோ, வீட்டு வைஃபையில் சேர்த்தாலோ அடுத்த சில நாளுக்கான செயற்கைக்கோள் தகவல் இறங்கிவிடும். பிறகு மொட்டை மாடியிலோ தெருவின் திறந்த இடத்திலோ வைத்து, சிக்னல் கிடைக்கும்வரை நகர்த்தாமல் இருங்கள். பிடிக்கும் முன்பே மிதிக்க ஆரம்பித்தால், மரத்தடியிலும் மேம்பாலத்தடியிலும் தகவல் பாதியில் அறுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஐந்து நிமிடம் ஆவது பெரும்பாலும் இதனால்தான். இவ்வளவு செய்தும் திறந்த வெளியில் தினமும் இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தால், அந்தக் கருவியின் ஆன்டெனாவைச் சந்தேகப்படலாம்.

நூறு கிலோமீட்டர் போனா எனக்கு 98.5 காட்டுது, கூட வந்தவருக்கு 100 காட்டுது. யார் சொல்றது சரி?

வேக சென்சார் மாட்டியிருந்தால் தூரம் ஜிபிஎஸ்ஸிலிருந்து வருவதில்லை. சக்கரம் சுற்றிய எண்ணிக்கையைச் சுற்றளவால் பெருக்கி வருகிறது. 700x25 டயருக்கு (25 என்பது டயரின் அகலம், மி.மீ.யில்) வழக்கமாகக் கொடுக்கும் அளவு 2105 மி.மீ., 700x28க்கு 2136, 700x32க்கு 2155. நீங்கள் 28 டயருக்கு மாறிவிட்டு கருவியில் 2105ஐயே விட்டிருந்தால், நூறு கி.மீ.க்கு ஒன்றரை கி.மீ. குறையும். நீங்கள் சொல்லும் 98.5 அப்படியே இந்தக் கணக்குதான்.

அட்டவணையை நம்புவதைவிட அளந்துவிடுவது மேல். வழக்கமான காற்றழுத்தத்தில் டயரை வையுங்கள். வால்வு நேர் கீழே இருக்கும்போது தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே நேர்கோட்டில் மூன்று முழுச் சுற்று உருட்டி, வால்வு மீண்டும் கீழே வந்த இடத்தில் இன்னொரு கோடு. இடைவெளியை மி.மீ.யில் அளந்து மூன்றால் வகுத்தால் உங்கள் எண் கிடைக்கும். உடல் எடையில் டயர் அமுங்குவதால், ஆள் உட்காராமல் உருட்டினால் எண் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும்.

பல புதிய கருவிகள் ஜிபிஎஸ்ஸை வைத்துச் சுற்றளவைத் தாமே கணக்கிட்டுக்கொள்கின்றன. முதல் ரைடு மரங்கள் அடர்ந்த சாலையிலோ உயரமான கட்டிடங்களுக்கு நடுவிலோ அமைந்தால், அந்தத் தவறான எண் பதிந்து எல்லா ரைடுக்கும் தொடரும். சென்சார் மெனுவுக்குள் போய், தானியங்கி என்பதை மாற்றி, நீங்கள் அளந்த எண்ணைக் கையால் போட்டுவிடுங்கள்.

சென்சார் இல்லை, ஜிபிஎஸ் மட்டும்தான். கொல்லிமலை ஏறினா ஒவ்வொரு தடவையும் தூரம் வேற வேற வருது.

கருவி வழக்கமாக விநாடிக்கு ஒரு புள்ளி பதிக்கிறது. 36 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது புள்ளிக்குப் புள்ளி 10 மீட்டர். கொண்டை ஊசி வளைவில் வளைவைச் சுற்றாமல் நேர்கோடாக இணைத்துவிடும், தூரம் குறையும். 8 கி.மீ. வேகத்தில் ஏறும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். புள்ளிகள் இடமும் வலமும் அலைந்து தூரத்தைக் கூட்டும். கொல்லிமலைப் பாதையில் 70 வளைவு. இரண்டு பிழையும் மாறி மாறிச் சேரும்.

பதிவு முறையில் ‘ஸ்மார்ட்’ என்று இருந்தால் ‘ஒவ்வொரு விநாடியும்’ என்று மாற்றுங்கள். இரட்டை அலைவரிசை வசதி, அதாவது 1575.42 மெகாஹெர்ட்ஸோடு 1176.45 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்து வாங்குவது, உங்கள் கருவியில் இருந்தால் மலைக்கு மட்டும் அதைப் போடுங்கள். பாறைச் சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னலை அது நன்றாகவே வடிகட்டும். பேட்டரி கூடுதலாகச் செலவாகும். ஒரு வேக சென்சார் வாங்கிவிட்டால் இந்தக் கவலையே இல்லை. நிலையான தீர்வு அதுதான்.

ஈசிஆர்ல போயிட்டு வந்தா கடைசியில கடல் மட்டத்துக்குக் கீழ 20 மீட்டர்னு காட்டுது. கருவி கெட்டுப் போச்சா?

கெடவில்லை. உயரத்தை அது காற்றழுத்தத்திலிருந்து கணக்கிடுகிறது. கடல் மட்டத்தருகே அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) மாறினால் உயரம் சுமார் எட்டரை மீட்டர் மாறியதாக எடுத்துக்கொள்ளும். நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில், வானிலை மாறாத நாளிலும் காற்றழுத்தம் தினம் இருமுறை ஏறி இறங்குகிறது. காலை, இரவு பத்து மணி வாக்கில் உச்சம்; விடியற்காலை, பிற்பகல் நான்கு மணி வாக்கில் தாழ்வு. வித்தியாசம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல், அதாவது 25 மீட்டர். நாலரை மணிக்குக் கிளம்பி பத்து மணிக்குத் திரும்புகிறவர் அந்த ஏற்றம் முழுவதற்கும் சாலையில் இருக்கிறார். அழுத்தம் கூடினால் கருவி கீழே இறங்கிவிட்டதாகவே நினைக்கும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இந்த தினசரி அலை மிகச் சிறியது. அங்கே எழுதப்படும் விமரிசனங்களில் இந்தக் குறை அதிகம் வராததற்கு அது காரணமாக இருக்கலாம்.

வீட்டு வாசலின் உயரத்தைக் கருவியில் ஒருமுறை பதிந்துவிட்டால், ஒவ்வொரு ரைடும் அங்கிருந்து சரியாகத் தொடங்கும். நடுவில் ஏற்படும் நகர்வைத் தவிர்க்க முடியாது. ஏறிய மொத்த உயரத்தில் அதன் பாதிப்பு சிறியதுதான், ஏனென்றால் அது மணிக்கணக்கில் மெதுவாக நடப்பது.

அது சரி, ஏற்காடு ஏறினப்போ ரெண்டு பேருக்கு 60 மீட்டர் வித்தியாசம் வந்துச்சே? ஒரே பாதை, ஒரே நேரம்.

இதற்கு மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, வெயில். அழுத்தத்தை உயரமாக மாற்றும் சூத்திரம் கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டது. 30 டிகிரியில் காற்று லேசாகிவிடுவதால் அழுத்தம் மெதுவாகவே குறையும். வெப்பத்துக்குத் திருத்தம் செய்யாத கருவி 1,000 மீட்டர் ஏற்றத்தை 950 என்றுதான் சொல்லும். திருத்தம் செய்யும் கருவியும் செய்யாத கருவியும் அருகருகே ஓடினால் வித்தியாசம் வரத்தான் செய்யும். இரண்டாவது, சிறு ஏற்ற இறக்கங்களில் எதை எண்ணுவது, எதை விடுவது என்ற வரம்பு ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறு.

மூன்றாவது காரணத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கருவியைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்திலோ ஓரத்திலோ குண்டூசித் தலை அளவில் ஒரு துளை, அல்லது வரிசையாகச் சில துளைகள் இருக்கும். காற்றழுத்த சென்சார் அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. வியர்வையும், பாட்டிலிலிருந்து சிந்தும் எலக்ட்ரோலைட் தண்ணீரும் அங்கே காய்ந்து வெள்ளையாக உப்புப் படியும். அடைத்துக்கொண்டால் ஏறும்போது உயரம் நகராமல் நின்று, பிறகு திடீரென்று 30, 40 மீட்டர் குதிக்கும். ஊசியால் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும். யுஎஸ்பி மூடியை இறுக்கமாக மூடிவிட்டு, குழாயில் மெதுவாக வரும் நல்ல தண்ணீரில் காட்டி, துளை கீழ்ப்பக்கம் இருக்கும்படி ஓர் இரவு வைத்துவிடுங்கள். அழுத்தமான காற்றும் கூடாது. மழையில் துளை நனைந்து வரும் குழப்பம் காய்ந்ததும் தானே போய்விடும்.

செங்குத்தா ஏறும்போது 4 சதவீதம்னு காட்டுது, ஏறி முடிச்சப்புறம் 12ன்னு காட்டுது. நடுவுல ஆட்டோ பாஸ் வேற வந்து நிறுத்திடுது.

சரிவு என்பது இரண்டு அளவுகளின் விகிதம்: ஏறிய உயரம், கடந்த தூரம். உயரம் மேலே சொன்ன அழுத்த சென்சாரிலிருந்து வருகிறது. ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் மாறுவது ஒரு ஹெக்டோபாஸ்கலில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அதை அலைபாயாத எண்ணாக மாற்ற கருவி சில விநாடிகளின் சராசரியை எடுத்தாக வேண்டும். ஆகவே கொஞ்சம் தாமதம் எல்லாக் கருவியிலும் உண்டு. வேக சென்சார் இருந்தால் விகிதத்தின் கீழ்ப்பகுதியாவது உறுதியாகி, தாமதம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். அதுவும் இருந்து, பத்து விநாடிக்கு மேல் பின்தங்கினால் அது மென்பொருளின் மந்தம். புகார் எழுதுங்கள்.

ஆட்டோ பாஸ் பிரச்சினை எளிது. ஜிபிஎஸ் வேகம் அலைபாய்வதால், 5 கி.மீ.யில் ஏறுகிறவரை நின்றுவிட்டதாகக் கருவி நினைக்கிறது. நிறுத்தும் வேகத்தை 2 அல்லது 3 கி.மீ. என்று வையுங்கள். மலைக்குப் போகும்போது முழுவதும் அணைத்துவிடுவது இன்னும் நல்லது. நின்ற நேரத்தைப் பிறகு செயலியே கழித்துக் காட்டும்.

பெட்டியில 20 மணி நேரம்னு போட்டிருக்கு. எனக்கு 11 மணி நேரம்கூட வரலை.

பெட்டியில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் நிபந்தனை இருக்கும். பின்னொளி குறைவு, சென்சார் சில மட்டும், வழிகாட்டல் இல்லை, மிதமான வெப்பம் என்பது போல. உங்கள் கருவியின் உண்மையான எண்ணை நீங்களே பாருங்கள். 100 சதவீதம் ஏற்றி, வழக்கமாக ஓட்டுவது போலவே இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். 18 சதவீதம் குறைந்தால் மொத்தம் 11 மணி நேரம். முதல் இரண்டு மூன்று நாள் கணக்கில் சேராது. புதிதாக வந்த கருவி மேப், அப்டேட் என்று பின்னணியில் ஓயாமல் இறக்கிக்கொண்டே இருக்கும்.

அதிகம் தின்பது பின்னொளிதான். தானாக அணையும் நேரத்தை 15 விநாடிக்குக் கொண்டு வாருங்கள். அடுத்து வழி தவறினால் மறுகணக்கு போடுவது, எப்போதும் திறந்திருக்கும் மேப் பக்கம், இரட்டை அலைவரிசை, போனிலிருந்து வரும் ஒவ்வொரு வாட்ஸ்அப் அறிவிப்பும். இவற்றை ஒவ்வொரு ரைடுக்கு ஒன்றாக அணைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து அணைத்தால் எது தின்றது என்று தெரியாது. அணைத்தும் வாக்குறுதியில் பாதிதான் வருகிறது என்றால், அந்தக் கணக்கைப் படத்தோடு எழுதி மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பழைய மாடலைவிடப் புது மாடலுக்குப் பேட்டரி கம்மியாமே. இதெல்லாம் முன்னேற்றமா?

நடப்பதுதான். சைக்கிள் கம்ப்யூட்டர் தயாரிக்கும் கார்மின் நிறுவனம் 2022 ஜூனில் வெளியிட்ட எட்ஜ் 1040க்குக் கடுமையான பயன்பாட்டில் 35 மணி நேரம் என்று சொன்னது. 2024 ஜூனில் வந்த எட்ஜ் 1050க்கு அதே நிலையில் 20 மணி நேரம்தான். காரணம் திரை. பழையதில் இருந்தது வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும் வகை. வெயில் எவ்வளவு அடிக்கிறதோ அவ்வளவு தெளிவாகத் தெரியும், மின்சாரம் மிகக் குறைவு. ஆனால் நிறங்கள் வெளிறியிருக்கும். புதியது போன் போன்ற பளிச்சிடும் திரை. மேப் அழகாகத் தெரியும், அதற்கான வெளிச்சத்தைப் பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இது குறைபாடல்ல, தேர்வு. நீங்கள் எதற்காக ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் ஓட்டுகிறவருக்குப் புதியதே மேல். பிரெவே, அதாவது கால வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம், ஓட்டுகிறவருக்குக் கணக்கு வேறு: 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி நேரம், 400க்கு 27, 600க்கு 40 மணி நேரம் என்பது கால வரம்பு. 20 மணி நேரக் கருவியோடு 400 போகிறவர் இரவு நடுவில் சார்ஜ் போட்டே ஆக வேண்டும். இந்த ஓட்டங்களுக்கு, கடையில் இன்னும் கிடைத்தால், முந்தைய தலைமுறைக் கருவியை வாங்கச் சொல்வோம். விலையும் அதற்குள் இறங்கியிருக்கும்.

ஓடிக்கிட்டே பவர் பேங்க்ல சார்ஜ் போட்டா பத்து நிமிஷத்துல நின்னுடுது, ஏன்?

கருவி இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. பல பவர் பேங்குகள், இழுப்பு ஓர் அளவுக்குக் கீழே போனால் எதுவும் மாட்டப்படவில்லை என்று முடிவு செய்து தாமே அணைந்துவிடும். 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் இது சீக்கிரம் வரும். கருவி 30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு போடுங்கள். அல்லது ‘சிறு கருவிகளுக்கான’ முறை உள்ள பவர் பேங்க் வாங்குங்கள். சில மாடல்களில் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் அந்த முறைக்கு மாறும். மழையில் மட்டும் வேண்டாம். மூடி திறந்திருக்கும்போது நீர்க்காப்பு முழுமையாக இருக்காது. ஈரமான முனையில் மின்சாரம் ஓடினால் பின்கள் பச்சை பூத்துவிடும்.

மழையில டச் தானா ஓடுது. நடு ரைடுல ‘ரைடை அழிக்கவா’ன்னு கேக்குது!

டச் திரை உங்கள் விரலை உணர்வது விரல் மின்சாரத்தைக் கடத்துவதால். மழைத்துளியும், அதைவிட அதிகமாக உப்பு வியர்வையும், அதையேதான் செய்கின்றன. மழை தொடங்கியதும் திரையைப் பூட்டுங்கள். பூட்டும் கட்டளையைப் பட்டனுக்குக் கொடுக்க முடிகிறதா என்று முன்பே பார்த்து வையுங்கள், ஏனென்றால் நனைந்த திரையில் பூட்டும் மெனுவைத் தேடுவது முடியாத காரியம். பட்டனும் இல்லாத, முழுக்க டச் மட்டுமே உள்ள கருவி என்றால், வடகிழக்குப் பருவமழையில் ஓட்டுகிறவருக்கு அது ஒத்துவராது. முதல் பதிலில் சொன்ன மூன்றாம் வகை இது. அவகாசத்துக்குள் திருப்பிவிடுங்கள்.

பெட்டியில் உள்ள ஐபிஎக்ஸ்7 என்ற குறி, ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கு மட்டுமே. தண்ணீர் உள்ளே போகாது என்று சொல்கிறதே தவிர, டச் வேலை செய்யும் என்று சொல்லவில்லை. வாட்டர் சர்வீஸில் சைக்கிளைக் கழுவக் கொடுக்கும் முன் கருவியைக் கழற்றிவிடுங்கள்.

மதியம் 44 டிகிரின்னு காட்டுது. அன்னிக்கு வெயில் 37தான்.

அது காட்டுவது கருப்பு நிறக் கூட்டுக்குள் இருக்கும் வெப்பம். சிக்னலில் நின்றால் ஏறும், ஓடினால் இறங்கும். நம்ப வேண்டிய எண் இல்லை. ஆனால் கூடு 45 டிகிரியைத் தாண்டும்போது பல கருவிகள் சார்ஜ் ஏற மறுக்கும், பளிச்சிடும் திரையுள்ளவை தாமே ஒளியைக் குறைக்கும். நிழலில் ஐந்து நிமிடம் வைத்தால் சரியாகும். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் விட்டுப் போகாதீர்கள், பேட்டரியின் ஆயுளை நிரந்தரமாகக் குறைப்பது அதுதான்.

ஹார்ட் ரேட் பெல்ட் போன்ல வருது, புது கம்ப்யூட்டர்ல வரவே மாட்டேங்குது அண்ணா.

போனில் வருவதால்தான் இதில் வரவில்லை. புளூடூத்தில் பல சென்சார்கள் ஒரு நேரத்தில் ஒரே கருவியோடுதான் பேசும். போன் பிடித்து வைத்திருந்தால் மற்றதற்குத் தெரியவே தெரியாது. போனின் புளூடூத் பட்டியலில் பெல்ட்டின் பெயரை நீக்குங்கள், அதைப் பயன்படுத்தும் செயலிகளை மூடுங்கள், பெல்ட்டின் பட்டைகளை நனைத்து மார்பில் கட்டிய பிறகு தேடுங்கள். கட்டாத பெல்ட் உறக்கத்தில் இருக்கும். கேடன்ஸ் (மிதிக்கும் வேகம்), வேக சென்சாரும் அப்படித்தான். பெடலையும் சக்கரத்தையும் சுற்றிவிட்டுத் தேட வேண்டும்.

சென்சாரில் ஆண்ட் பிளஸ் (புளூடூத் போன்ற இன்னொரு கம்பியில்லா முறை) இருந்தால் அதன் வழியாக இணையுங்கள். அது ஒரே நேரத்தில் எத்தனை கருவிக்கு வேண்டுமானாலும் ஒலிபரப்பும். ஆண்ட் பிளஸ் சான்றளிப்புத் திட்டம் 2025 ஜூன் 30 உடன் முடிந்துவிட்டது. இருக்கும் சென்சார்கள் வழக்கம்போல் ஓடும், ஆனால் இனி புளூடூத் மட்டும் உள்ளவை கூடும். புதிதாக சென்சார் வாங்கும்போது ஒரே நேரத்தில் எத்தனை புளூடூத் இணைப்பு என்று கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி மாற்றிய பிறகு வரவில்லையா? குழந்தைகள் விழுங்காமல் இருக்க சில சிஆர்2032 பேட்டரிகளில் கசப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். அது தொடர்பு முனையில் மின்சாரத்தைத் தடுப்பதுண்டு. ஓரத்தை ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்துப் போடுங்கள், அல்லது பூச்சில்லாததை வாங்குங்கள்.

பழைய கருவியில சராசரி பவர் 165 வரும், இதுல 140தான். பவர் மீட்டர் போச்சா?

பவர் மீட்டர் என்பது மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் சென்சார். இது பெரும்பாலும் பூச்சியத்தைச் சேர்ப்பதில் உள்ள வித்தியாசம். மிதிக்காமல் உருளும் நேரத்தைச் சராசரியில் சேர்த்தால் எண் குறையும். இரண்டு கருவியிலும் ‘பூச்சியம் சேர்’ என்றே வையுங்கள், அதுதான் பயிற்சிக் கணக்குக்கு ஒத்துவரும். பிறகு சைக்கிளை வெளியே பத்து நிமிடம் வைத்து, காலை எடுத்துவிட்டு, கிராங்க் செங்குத்தாக இருக்க பூச்சிய அளவைச் சரிசெய்யுங்கள். இதன் பிறகும் அதே ஏற்றத்தில் பத்து சதவீதம் இடைவெளி இருந்தால் மட்டும் மீட்டரைப் பாருங்கள்.

வாங்கும்போது இருந்த வசதி அப்டேட்டுக்கு அப்புறம் காணோம். இப்படியும் செய்வாங்களா?

செய்திருக்கிறார்கள். சைக்கிள் கம்ப்யூட்டர் தயாரிக்கும் ஹாமர்ஹெட் நிறுவனத்தை, கியர் தயாரிப்பில் ஷிமானோவின் போட்டியாளரான ஸ்ராம் 2022 தொடக்கத்தில் வாங்கியது. அதே ஆண்டு, ஷிமானோ கேட்டுக்கொண்டதால், ஹாமர்ஹெட்டின் கரூ 2 கருவியிலிருந்து ஷிமானோவின் டிஐ2 எலக்ட்ரானிக் கியருக்கான வசதிகள் அப்டேட் வழியாக நீக்கப்பட்டன. காசு கொடுத்து வாங்கியவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. இரண்டு போட்டி நிறுவனங்களுக்கு நடுவில் உள்ள ஒப்பந்தத்தை வாங்குகிறவர் எப்படி அறிவார்?

வேறொரு நிறுவனத்தின் கியர், விளக்கு, பின்னால் வரும் வண்டியைக் காட்டும் ரேடார் இவற்றோடு இணைவதற்காகவே ஒரு கருவியை வாங்குகிறீர்கள் என்றால், விற்பனைப் பக்கத்தில் அந்த வசதி எழுதப்பட்டிருப்பதை வாங்கிய அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ‘விரைவில் வரும்’ என்று எழுதியதை இல்லை என்றே கணக்கில் எடுங்கள்.

மேப்புல ஊர்ப் பேரு, மெசேஜ் எல்லாம் கட்டம் கட்டமா வருது.

கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. பல தயாரிப்புகளில் இன்றும் இதுதான் நிலை. இதற்கு நாமாகச் செய்யக்கூடியது குறைவு. ரூட்டின் பெயரையும் வழிக்குறிப்புகளையும் செயலியிலேயே ஆங்கில எழுத்தில் மாற்றி அனுப்புங்கள். மேப் இறக்கும் இடத்தில் மொழித் தேர்வு இருந்தால் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். தயாரிப்பாளருக்குத் தமிழ் வேண்டும் என்று ஒவ்வொருவரும் எழுதுங்கள். ஒருவர் எழுதினால் நடக்காது, ஆனால் எழுதாமல் நிச்சயம் நடக்காது.

போட்ட ரூட்டை விட்டு வயல் வரப்புல போகச் சொல்லுது.

கருவியில் இருக்கும் மேப் பெரும்பாலும் யாரும் திருத்தக்கூடிய இலவச மேப்பான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வருவது. அதில் வண்டிப்பாதையைச் சாலை என்று யாராவது குறித்திருந்தால் கருவியும் நம்பும். நீங்கள் அனுப்பிய ரூட்டை அது தன் மேப்பைக் கொண்டு மறுபடி கணக்கிட்டிருக்கலாம். வழிகாட்டல் மெனுவில் மறுகணக்கை அணைத்து, கோட்டை மட்டும் பின்பற்றச் சொல்லுங்கள். போன பாதையிலேயே திரும்பும் ரூட்டில் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, தொடங்கிய உடனே ‘முடிந்தது’ என்று சொல்வதுண்டு. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். தவறான பாதையை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே திருத்தலாம். அடுத்த மேப் வெளியீட்டில் எல்லோருக்கும் சரியாகும்.

ரைடு முடிச்சு சேவ் பண்ணும்போது ஹேங் ஆயிடுச்சு. ஆறு மணி நேர ரைடு போச்சா சார்?

பெரும்பாலும் போகவில்லை. பவர் பட்டனை 15, 20 விநாடி விடாமல் அழுத்திக் கட்டாயமாக அணையுங்கள். இயக்கியதும் ‘தொடரவா’ என்று கேட்டால் தொடர்ந்து, உடனே சேமியுங்கள். கேட்கவில்லை என்றால் முழு ரீசெட் செய்துவிடாதீர்கள், கோப்பும் அதோடு போய்விடும். கேபிளில் கணினியோடு இணைத்து, ரைடுகள் இருக்கும் கோப்புறையில் அன்றைய தேதியிட்ட ஃபிட் கோப்பை (.fit என்று முடியும் ரைடு பதிவு) தேடி நகலெடுங்கள். பாதியில் அறுந்த ஃபிட் கோப்பைச் சரிசெய்யும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு.

செயலிக்குப் போகவில்லை என்பதால் பதிவு இல்லை என்று ஆகாது. 2020 ஜூலையில் கார்மினின் சேவைகள் இணையத் தாக்குதலால் பல நாள் முடங்கியபோது, கேபிள் வழியாகக் கோப்பை எடுத்து, ரைடுகளைப் பதிந்து பகிரும் தளமான ஸ்ட்ராவாவில் நேரடியாக ஏற்றியவர்களுக்கு எந்த ரைடும் தவறவில்லை. புதிய ஃபர்ம்வேரைப் பெரிய ரைடுக்கு முந்தின இரவு போடாதீர்கள். ஒரு வாரம் முன்பு போட்டு, இரண்டு சிறிய ரைடில் பார்த்துவிடுங்கள்.

திருப்பும் அவகாசம் முடிஞ்சு போச்சு. சர்வீஸ்ல ‘அடுத்த அப்டேட்டுல வரும்’னே சொல்லிக்கிட்டிருக்காங்க.

தொலைபேசிப் பேச்சை நிறுத்திவிட்டு மின்னஞ்சலுக்கு மாறுங்கள். வரிசை எண், ஃபர்ம்வேர் எண், குறை நிகழ்ந்த தேதி, அந்த ரைடின் ஃபிட் கோப்பு, 30 விநாடி வீடியோ இவற்றை ஒரே அஞ்சலில் அனுப்புங்கள். ‘அவ்வப்போது ஹேங் ஆகிறது’ என்று எழுதினால் பதில் வராது. ‘ரூட் ஓடும்போது மேப் பக்கத்தைப் பெரிதாக்கினால் அணைந்துவிடுகிறது, மூன்று முறை இதே இடத்தில்’ என்று எழுதினால் பொறியாளர் வரை போகும். மாற்றித் தர 15 நாள் கெடு கொடுங்கள்.

இந்தியாவில் பில்லோடு வாங்கியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பல நிறுவனங்கள் அங்கே புகார் பதிந்ததும் இறங்கி வருகின்றன. அதற்கும் அசையாவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, கால வரம்பு இரண்டு ஆண்டு. வெளிநாட்டிலிருந்து நண்பர் வாங்கி வந்தது என்றால் இங்கே வாரண்டி கிடைப்பது நிச்சயமில்லை. கடையில் வாங்கும்போதும் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

போதும், வித்துடப் போறேன். அதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

எல்லா ரைடு கோப்புகளையும் கணினிக்கு நகலெடுங்கள். பிறகு செயலியில் உங்கள் கணக்கிலிருந்து கருவியை நீக்குங்கள். நீக்காவிட்டால் வாங்குகிறவரால் தன் கணக்கில் சேர்க்க முடியாமல் போகலாம். கடைசியாகக் கருவியில் முழு ரீசெட். சேமித்த இடங்கள் பட்டியலில் வீடு என்று எதுவும் மிச்சமில்லை என்பதை மறுபடி இயக்கிப் பாருங்கள். ஒவ்வொரு ரைடும் உங்கள் வாசலில்தான் தொடங்கியிருக்கும்.

விளம்பரத்தில் பேட்டரி எத்தனை மணி நேரம் வந்தது, எந்தக் குறைக்காக விற்கிறீர்கள் என்பதை எழுதிவிடுங்கள். உங்களுக்கு மழையில் ஒத்துவராத டச் திரை, வீட்டுக்குள் ட்ரெய்னரில் (சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்கும் சாதனம்) ஓட்டுகிறவருக்கு எந்தச் சிக்கலும் தராது. பில்லையும் சேர்த்துக் கொடுங்கள், மீதமுள்ள வாரண்டிக்கு அவருக்கு அது வேண்டும்.